நான்கெல்லை

கிழக்கே தெரு. மேற்கே சென்னபசப்பா மனை.
வடக்கே சாக்கடைச் சந்து. தெற்கே காலி இடம்.
இப்படித்தான் என் பிழைப்பு:
கன்னடப் பத்திரங்களை வங்கிக்காக மொழிபெயர்க்கிறேன்,
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
நான்கெல்லை சொல்லாத நிலத்தின் மேல்
யாரும் கடன் தருவதில்லை.

லிங்கராஜபுரத்து வீட்டுக்குள் எனக்கிருந்தது
சாப்பாட்டு மேசையில் பாதி,
அதுவும் இட்லித் தட்டு வரும்வரை.
மறுபாதியில் பெஞ்சமின்
காதில் மாட்டிய கருவியோடு
டெக்சாஸில் எவருடைய பிரிண்டரையோ
விடிய விடியச் சமாதானப்படுத்துவார்.
'அடமானம்' என்று நான் தட்டும்போது
'மறுபடி அணைத்துப் போடுங்கள்' என்பார்.
ஒருநாள் அப்படியே தட்டிவிட்டேன்.

பின்பக்கம் பத்துக்கு எட்டு,
துவைக்கிற கல்லும் பட்டர் ஃப்ரூட் மரமும் போக.
பீன்யாவில் ஏதோ இயந்திரம் வந்திறங்கிய
பைன் மரப் பெட்டிகளை எடைக்கு வாங்கினோம்.
சுவரில் ஒரு பலகை இன்னமும்
'இந்தப் பக்கம் மேலே' என்று
ஜெர்மன் மொழியில், தலைகீழாக.
கதவு சிவாஜிநகரில் கிடைத்தது,
இடித்த பங்களாவினுடையது.
எங்கள் கூரைக்கு நான்கு அங்குலம் உயரம்.
அறுத்த அன்று
துணிக்கொடியெல்லாம் தேக்கு வாசனை.

இம்தியாஸ் கூரைமேல் இரண்டு தகடு பதித்துவிட்டு
கணக்குக் கேட்டார்.
லேப்டாப் அறுபத்தைந்து வாட்.
விசிறி இருபத்தெட்டு. விளக்கு ஒன்பது.
'கெட்டில்?' என்றேன்.
'அது இந்தக் குடும்பத்துக்கு
ஆகாத மருமகள், அக்கா.'

இரண்டாம் நாளே, யாரும் இல்லாதபோது, கொதிக்கவைத்தேன்.
இன்வெர்ட்டர் ஒரு கத்து கத்தி அடங்கியது.
விசிறி மெல்ல மெல்ல நின்றது.
வெதுவெதுப்பான தண்ணீரில் தேயிலையைப் போட்டு
இருட்டில் குடித்தேன்.
யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை முழுக்க மேகம்.
முப்பத்தொன்று சதவீதம், இருபத்தாறு, பத்தொன்பது.
என் சம்பளத்தை இவ்வளவு கூர்ந்து நான் பார்த்ததில்லை.
தெருவில் மின்சாரம் போன இரவுகளில்
பெஞ்சமின் கதவைத் தட்டுவார்:
'ஐந்தே நிமிஷம், ஃபிலோ.'
பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து
என் வெயிலைச் செலவழித்து
டெக்சாஸைச் சரிசெய்வார்.

தை பிறந்ததும் மேற்கே ஜல்லி கொட்டினார்கள்.
முதல் தளம் என் நான்கு இருபதை எடுத்துக்கொண்டது.
இரண்டாம் தளம் மூன்று ஐம்பதை.
சென்னபசப்பா நல்ல மனிதர்.
பூஜை அன்று கோசம்பரி கொடுத்தனுப்பினார்,
கிண்ணத்தைத் திருப்பித் தரவேண்டாம் என்றும் சொன்னார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியிலிருந்து வந்த கட்டில்
மூன்றாவது பத்திரம் அவருடையது,
மேலும் ஒரு தளத்துக்கான கடன்.
மேற்கே பிள்ளையார் கோயில் வீதி.
கிழக்கே
திருமதி ஃபிலோமினா பெஞ்சமின் மனை.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்தைந்து வருஷமாக அவரை
என் மேற்கு என்றே நினைத்திருந்தேன்.

முப்பதடி என்பதை இருபதடி என்று
ஒரே ஒரு எண் தவறினால் போதும்,
திருத்தம், மனு, முத்திரைத்தாள்,
எப்படியும் ஒரு கோடைக்கால வெயில் மிஞ்சும்.
விரல் எண்கள்மேல் நின்றது.
பேட்டரி நாற்பத்திரண்டு காட்டியது.

முப்பது என்றே அடித்தேன்.
எழுத்திலும் எண்ணிலும்.
இரண்டு தரம் சரிபார்த்தேன்,
நூற்றிருபது ரூபாய்க்கு அது அதிகம்.

ஏப்ரலில் மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள்.
இரவெல்லாம் தண்ணீர் கட்டினார்கள்.
அது வழிந்து என் தகடுகளில் விழுந்துகொண்டிருந்தது,
நான் தூங்காமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் தகட்டில் தூசி இல்லை.
எட்டே காலுக்கே
நாற்பது வாட் கூடுதல்.
மூன்று மணிக்கு நிழல் வந்தது.
மூடிவைத்துவிட்டு
கிண்ணத்தைத் தேடினேன்.
பட்டர் ஃப்ரூட் நான்கு பழுத்திருந்தது.